மலேசியாவுக்குப் போய் பெரிய தாத்தாவைத் தேடணுமா? டிக்கெட் கடைசிச் செலவா இருக்கட்டும்!



நம்ம சேனல்ல "வெளிநாட்டுப் பயணத்துக்கு லோன் எடுக்கலாமா?" வீடியோ போட்டதுக்கு அப்புறம் நிறைய கேள்வி வந்தது. அதுல ஒண்ணு மட்டும் நேரா என் ஆபீசுக்கே வந்து உட்கார்ந்தது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைப் பத்திதான்.

வந்தவர் நம்ம விருத்தாசலம் செராமிக் பேட்டைல ஒரு இன்சுலேட்டர் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கிற தம்பி. வயசு 27. கையில வர்ற சம்பளம் மாசம் 34,000 ரூபாய்.

"சார், மூணு லட்சம் பர்சனல் லோன் எடுக்கப் போறேன். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை உங்ககிட்ட கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"எதுக்கு தம்பி?"

"மலேசியா போறதுக்கு. சுத்திப் பார்க்க இல்ல சார். எங்க தாத்தாவோட அண்ணன் 1936-ல மலாயா போனவர், திரும்பி வரல. அப்பாவுக்கு 66 வயசாச்சு, சுகர் வேற இருக்கு. 'நான் கண்ணை மூடறதுக்குள்ள பெரியப்பா குடும்பம் இருக்கா இல்லையான்னு பார்த்துடணும்'னு சொல்லிட்டே இருக்கார்."

ஏஜென்ட் கொடுத்த பேக்கேஜ் பேப்பரைக் காட்டினார். நாலு பேர், அஞ்சு நாள், தலைக்கு 70,000. கோலாலம்பூர், கெந்திங், லங்காவி. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"பெரிய தாத்தா எந்த எஸ்டேட்ல இருந்தார்?"

"கிள்ளான் பக்கம்னு சொல்லுவாங்க சார்."

அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்சது. 90 வருஷத்துக்கு முன்னாடி போன ஒருத்தரை, "கிள்ளான் பக்கம்" என்ற ரெண்டு வார்த்தையை மட்டும் வச்சுக்கிட்டு, கெந்திங் மலைக்கும் லங்காவி கடற்கரைக்கும் நடுவுல தேடப் போறாங்க. அதுக்கு மூணு லட்சம் கடன்.

நம்ம ஊர்க்காரருக்கு நம்ம ஊர் வழியிலேயே சொன்னேன். "களிமண்ணுல செஞ்ச உருப்படியை ஈரத்தோட சூளையில வச்சா என்ன ஆகும் தம்பி?"

"விரிசல் விட்டுடும் சார்."

"இதுவும் அப்படித்தான். முதல்ல நல்லா காயட்டும்."

இந்தப் பாடத்தோட சாரம் இதுதான்: பூர்வீகத்தைத் தேடும் பயணத்துல டிக்கெட் கடைசிச் செலவு. முதல் செலவு, வீட்ல இருக்கிற பெரியவங்ககிட்ட உட்கார்ந்து பேசறதுக்கு நீங்க கொடுக்கிற நேரம். விமான டிக்கெட் அடுத்த வருஷமும் கிடைக்கும். பெரியவங்க ஞாபகம் அதுவரைக்கும் இருக்கும்னு சொல்ல முடியாது.

பாடம் 1: லோன் கணக்கு

முதல்ல அந்தத் தம்பியோட கணக்கைப் பார்த்துடுவோம்.

மூணு லட்சம், 14% வட்டி, 36 மாசம்னு வச்சுக்கோங்க. இ.எம்.ஐ. சுமார் ரூ.10,253. மொத்தமா கட்டுறது சுமார் ரூ.3,69,000. வட்டி மட்டும் 69,000. பிராசஸிங் சார்ஜ் 2%, அதுக்கு மேல ஜி.எஸ்.டி.ன்னு இன்னொரு 7,080. ஆக மூணு லட்சத்துக்குப் போயிட்டு வர 76,000 ரூபாய் கூடுதல் செலவு. அஞ்சு நாள் பயணத்துக்கு மூணு வருஷம், சம்பளத்துல 30% பிடித்தம்.

இதுல இன்னும் ஒரு செலவு ஒளிஞ்சிருக்கு. 2025-26 நிதியாண்டு விதிப்படி, வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா 10 லட்சம் வரைக்கும் 5% டி.சி.எஸ். பிடிச்சாங்க. 2,80,000-க்கு 14,000 ரூபாய். ஏஜென்ட் சொன்ன தொகைக்கு மேல இது தனி.

பயப்பட வேண்டாம், டி.சி.எஸ். உங்க பணம்தான். உங்க பேர்ல வரவு ஆகும். ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது வரியில கழிச்சுக்கலாம், வரி இல்லைன்னா ரீஃபண்ட் வரும். சம்பளக்காரங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. 2024 அக்டோபர்ல இருந்து, இந்த டி.சி.எஸ். விவரத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தா, உங்க சம்பளத்துல பிடிக்கிற டி.டி.எஸ்.-ல அதைக் குறைச்சுக்குவாங்க. ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அதைவிட எளிய வழி, பேக்கேஜே வாங்காம இருக்கிறது. விமான டிக்கெட்டைத் தனியா, ரூமைத் தனியா நீங்களே போட்டா அது "பேக்கேஜ்" ஆகாது, அதனால டி.சி.எஸ். கிடையாது. பூர்வீகம் தேடிப் போறவங்களுக்குப் பேக்கேஜ் எப்படியும் ஒத்து வராது. எஸ்டேட் இருக்கிற இடத்துக்கு டூர் பஸ் போகாது.

பாடம் 2: செலவே இல்லாத முதல் வேலை

தம்பியைத் திருப்பி அனுப்பும்போது ஒரு வேலை கொடுத்தேன். "வீட்ல இப்ப இருக்கிறதுல வயசானவங்க யாரு?"

"அத்தை. அப்பாவோட அக்கா. 81 வயசு."

"இந்த ஞாயித்துக்கிழமை அவங்க பக்கத்துல உட்காருங்க. போன்ல ரெக்கார்டிங் போட்டுடுங்க. குறுக்கே பேசாதீங்க."

நீங்களும் கேட்க வேண்டியது இதுதான்:

1. போனவரோட முழுப் பேர், வீட்ல கூப்பிடற பேர், அவரோட அப்பா பேர். அப்பா பேர் ரொம்ப முக்கியம். மலேசியாவுல இந்தியர் பேருக்கு நடுவுல "ஏ/எல்"னு போடுவாங்க. "அனாக் லெலாக்கி", அதாவது இன்னாருடைய மகன். பெண்களுக்கு "ஏ/பி", அதாவது "அனாக் பெரம்புவான்". உங்க பெரிய தாத்தாவுக்கு அங்க ஒரு மகன் இருந்தா, அந்த மகனோட அடையாள அட்டையில பெரிய தாத்தா பேர் இன்னைக்கும் இருக்கும்.
2. யார் கூட்டிட்டுப் போனது? கங்காணி எந்த ஊர்க்காரர்? கங்காணிகள் சொந்த ஊர், பக்கத்து ஊர் ஆட்களைத்தான் சேர்த்துட்டுப் போவாங்க. அதனால கங்காணி ஊர் தெரிஞ்சா, அதே எஸ்டேட்டுக்குப் போன இன்னொரு குடும்பம் இங்கேயே கிடைக்கலாம்.
3. எங்க கப்பல் ஏறினார்? சென்னையா, நாகப்பட்டினமா?
4. கடுதாசி, மணியார்டர் கூப்பன், போட்டோ, பாஸ்போர்ட், எதாவது இருக்கா?
5. குலதெய்வம் எது? எஸ்டேட்ல கோயில் கட்டினவங்க பல பேர் ஊர்ச் சாமி பேரையே வச்சாங்க.

அடுத்த வாரம் தம்பி போன் பண்ணினார். குரல்ல ஒரு தயக்கம். "சார், அத்தைகிட்ட ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு. திறக்க மாட்டேங்கறாங்க."

ஏன்னு பின்னாடி சொல்றேன். ரெண்டு ஞாயிறு கழிச்சு அத்தை திறந்தாங்க. உள்ள 6 மணியார்டர் கூப்பன், 4 கடுதாசி, ஒரு பத்திரம். கடைசிக் கடுதாசி 1941-ல வந்தது.

கூப்பன்ல இருந்த தபால் முத்திரையில "தெலுக் ஆன்சன்"னு ஊர் பேர். இன்னைக்கு வரைபடத்துல அப்படி ஒரு ஊர் கிடையாது. 1982-ல அதோட பேரை "தெலுக் இந்தான்"னு மாத்திட்டாங்க. அது இருக்கிறது பேராக் மாநிலத்துல. கிள்ளான் இருக்கிறது சிலாங்கூர் மாநிலத்துல.

அப்போ "கிள்ளான்" எங்கிருந்து வந்தது? அவர் கப்பல்ல இறங்கின துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972-ல அதுக்கு "கிள்ளான் துறைமுகம்"னு பேர் மாறிச்சு. கால் வச்ச இடத்தையே வாழ்ந்த இடமா வீட்ல மூணு தலைமுறையா சொல்லிட்டு வந்திருக்காங்க.

லோன் எடுத்து, பேக்கேஜ்ல போய், அதுக்கு மேல ஒரு டாக்ஸி பிடிச்சு கிள்ளான் முழுக்க விசாரிச்சிருந்தாலும், தேடினது வேற மாநிலம். மூணு லட்சத்தைக் காப்பாத்தினது அந்தத் துருப்பிடிச்ச டிரங்குப் பெட்டி.

பாடம் 3: வரலாறு தெரிஞ்சா வீண் செலவு குறையும்

கொஞ்சம் பின்னணி தெரிஞ்சுக்கோங்க. எந்த வருஷத்துப் பதிவை எங்க தேடணும்னு முடிவு பண்ண இது உதவும்.

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910-ல நின்னு போச்சு. அதுக்கு அப்புறம் கங்காணி மூலமாதான் பெரும்பாலானவங்க போனாங்க. 1938-ல அப்போதைய இந்திய அரசு அதையும் தடை பண்ணிடுச்சு. ஆக 1936-ல போனவர் கங்காணிக் காலத்தோட கடைசிக் கட்டத்துல போனவர்.

அடுத்து, கடுதாசி ஏன் 1941-ல நின்னது? பல குடும்பத்துல "அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டு நம்மை மறந்துட்டார்"னு ஒரு கோபம் இருக்கும். தேதியைப் பாருங்க. 1941 டிசம்பர்ல ஜப்பான் படை மலாயாவுக்குள்ள வந்துச்சு. 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் விழுந்துச்சு. 1945 வரைக்கும் ஜப்பான் ஆட்சி. இந்தியாவோட தபால், மணியார்டர் தொடர்பு அறுந்து போச்சு. அவர் மறக்கல, எழுத வழியில்லாம போயிருக்கலாம்.

இன்னொண்ணையும் மனசுல தயார் பண்ணிக்கோங்க. 1942-43-ல சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல ஜப்பான்காரங்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டாங்க. மலாயா எஸ்டேட்ல இருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனாங்க. காலரா, பட்டினி, அடி. திரும்பி வராதவங்க ஏராளம். போர்க்கைதிகளுக்கு அங்க பேர் பொறிச்ச கல்லறை இருக்கு, தமிழ்த் தொழிலாளிகளுக்குத் தனித்தனிக் கல்லறை கிடையாது. உங்க தேடல் அந்த இடத்துல முடியலாம். அதுவும் ஒரு பதில்தான். ஆனா அப்பாவைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே இதைப் பேசிடுங்க.

வேற நாட்டுக்குப் போனவங்க குடும்பமா இருந்தா:

தென்னாப்பிரிக்கா (நேட்டால்): 1860-ல இருந்து 1911 வரைக்கும் சுமார் 1,52,000 பேர் போனாங்க, அதுல பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண், அப்பா பேர், ஜில்லா, தாலுகா, கிராமம்னு கப்பல் பட்டியல்லயே எழுதியிருக்காங்க. அந்தப் பட்டியல் இணையத்துல தேடக் கிடைக்குது. அங்க "படையாச்சி" என்ற குடும்பப் பேர் சர்வ சாதாரணம். நம்ம பக்கத்து ஆட்கள் எவ்வளவு பேர் போயிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

மொரீஷியஸ்: அங்க மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இந்தியக் குடியேறிகளோட ஆவணங்கள் இருக்கு. அவங்க வந்து இறங்கின ஆப்ரவாசி காட் 2006-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது.

ஃபிஜி: சென்னையில இருந்து கப்பல் 1903-லதான் தொடங்கிச்சு, 1916-ல முடிஞ்சது. அந்த 13 வருஷத்துப் பட்டியலைப் பார்த்தா போதும்.

இலங்கை மலையகம்: 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துல திரும்பி வந்தவங்க குடும்பம்னா, குடும்ப அட்டையையும் பழைய பாஸ்போர்ட்டையும் பத்திரமா வைங்க. தேயிலைத் தோட்டத்தோட பேர் அதுலதான் இருக்கும்.

மலாயா கங்காணி வழிக்கு நேட்டால் மாதிரி ஆளுக்கு ஒரு வரின்னு தேடக்கூடிய பட்டியல் பொதுவெளியில கிடைக்கிறதில்ல. அதனாலதான் வீட்டுப் பெட்டி அவ்வளவு முக்கியம்.

பாடம் 4: உட்கார்ந்த இடத்துல இருந்தே தேடுங்க

எஸ்டேட் பேர் கிடைச்சாச்சுன்னா அடுத்த மூணு மாசம் இதைப் பண்ணுங்க. செலவு ரொம்பக் குறைவு.

பழைய பேர்ல தேடுங்க. நம்ம கடலூர் மாவட்டம் 1993 வரைக்கும் தென்னாற்காடு மாவட்டம். பழைய ஆங்கிலப் பதிவுல "சவுத் ஆற்காட்"னுதான் இருக்கும். விருத்தாசலத்தையே ஆளுக்கு ஒரு விதமா எழுதியிருப்பாங்க. முனுசாமி "மூனிசாமி" ஆகியிருப்பார், ராமசாமி "ராம்சாமி" ஆகியிருப்பார். அஞ்சாறு எழுத்து விதத்துல தேடிப் பாருங்க.

எஸ்டேட் போயிருக்கலாம், பள்ளிக்கூடம் இருக்கலாம். பல எஸ்டேட்டை வித்துட்டாங்க, வீட்டு மனை ஆயிடுச்சு, செம்பனைக்கு மாறிடுச்சு. ஆனா மலேசியாவுல 500-க்கு மேல தமிழ்ப் பள்ளிகள் இருக்கு. பல பள்ளிகள் பேர்ல "லாடாங்", அதாவது தோட்டம், என்ற சொல்லோட பழைய எஸ்டேட் பேர் இன்னும் ஒட்டிட்டு இருக்கு. பள்ளி இடம் மாறியிருந்தாலும் பேர் மாறாது. தலைமை ஆசிரியருக்குத் தமிழ்லயே மரியாதையா ஒரு கடிதம் எழுதுங்க. எஸ்டேட் மாரியம்மன் கோயில் நிர்வாகத்துக்கும் எழுதுங்க.

பழைய பத்திரிகை பாருங்க. சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட "நியூஸ்பேப்பர்எஸ்ஜி" தளத்துல பழைய மலாயா, சிங்கப்பூர் பத்திரிகைகளைத் தேடலாம், தமிழ் முரசும் அதுல உண்டு. மலேசியத் தமிழ் நாளிதழ்ல "உறவினரைத் தேடுகிறோம்"னு சின்ன அறிவிப்பு கொடுக்கவும் முயற்சி பண்ணலாம்.

இந்தியாவுல: சென்னை எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கு. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தோட "அபிலேக் படல்" தளத்துல குடியேற்றக் கோப்புகள் பலதும் இருக்கு.

ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு பள்ளிக்கூடம், ஒரே ஒரு கோயிலாவது "வாங்க"ன்னு பதில் எழுதற வரைக்கும் டிக்கெட் போடாதீங்க.

பாடம் 5: பயணக் கணக்கு

இப்போ பணத்துக்கு வருவோம். நாலு பேர் போறதை ரெண்டு பேரா குறைச்சோம், அப்பாவும் மகனும். இது தேடல் பயணம், குடும்ப டூர் இல்ல. ஆள் கிடைச்சா அடுத்த தடவை எல்லாரும் போகலாம். எட்டு நாளுக்கு நாங்க போட்ட உத்தேசக் கணக்கு (உங்க தேதிக்கு விலை மாறும்):

- பாஸ்போர்ட், ரெண்டு பேருக்கு: 3,000 (60 வயசு தாண்டினவருக்குப் புது பாஸ்போர்ட்ல 10% தள்ளுபடி உண்டு)
- திருச்சி - கோலாலம்பூர் போக வர, ரெண்டு பேருக்கு: 36,000
- பயணக் காப்பீடு: 5,000
- 7 ராத்திரி தங்கல்: 21,000
- அங்க பஸ், ரயில், வாடகை கார்: 16,000
- சாப்பாடு: 12,000
- உறவுக்காரங்களுக்கு எடுத்துட்டுப் போற சீர், துணிமணி: 10,000
- இங்க ஆவணம், நகல், சென்னை அலைச்சல்: 6,000

மொத்தம் 1,09,000. எதிர்பாராத செலவுக்கு 16,000 சேர்த்தா 1,25,000.

லோனுக்கு இ.எம்.ஐ. 10,253 கட்டத் தயாரா இருந்தார் இல்லையா? அதே அளவு, மாசம் 10,000 ரூபாயை ஆர்.டி.-ல போடச் சொன்னேன். 12 மாசம், 6% வட்டின்னா முதிர்வுல சுமார் 1,23,900. பயணம் முடிஞ்சு வரும்போது கடன் பூஜ்யம். 36 மாசத்துக்குப் பதிலா 12 மாசத்துல வேலை முடிஞ்சது. ஒரு வருஷத்துல வேணும்கிற பணத்தை ஷேர், ஈக்விட்டி ஃபண்ட்ல போடாதீங்க. உங்க எமர்ஜென்சி ஃபண்டையும் இதுக்காகத் தொடாதீங்க.

அந்த 12 மாசம் சும்மா காத்திருக்கிற காலம் இல்ல, மேல சொன்ன தேடல் வேலைக்கான காலம். ரெண்டும் ஒண்ணா நடக்கும்.

கவனிக்க வேண்டியது இன்னும் சில:

விசா: மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரைக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ள டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைன்ல நிரப்பணும். பாஸ்போர்ட் குறைஞ்சது 6 மாசம் செல்லுபடியாகணும்.

விமானம்: நம்ம ஜங்ஷன்ல ரயில் ஏறினா திருச்சி பக்கம்தான். அங்கிருந்தே கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு. வேலை நாட்களைச் சேர்த்துப் போடுங்க. பேராக், சிலாங்கூர்ல சனி, ஞாயிறு அரசு அலுவலகம் லீவு.

காப்பீடு: அப்பாவுக்குச் சுகர் இருக்கிறதை மறைக்காம எழுதுங்க. மறைச்சா கிளெய்ம் நிற்காது. மருந்துச் சீட்டு கையில இருக்கட்டும்.

கார்டு: சாதாரண கிரெடிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5% வரை மார்க்அப், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. ஃபாரெக்ஸ் கார்டை ஒப்பிட்டுப் பாருங்க. அங்க மெஷின்ல "ரூபாயா, ரிங்கிட்டா?"ன்னு கேட்டா ரிங்கிட்டை அழுத்துங்க. ரூபாயை அழுத்தினா அவங்க சொல்ற ரேட்டுதான்.

எல்.டி.ஏ.: "சார், கம்பெனி எல்.டி.ஏ. கிளெய்ம் பண்ணலாமா?" முடியாது. அது இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில மட்டும்.

ரிட்டர்ன்: ஒரு வருஷத்துல உங்களுக்கோ மத்தவங்களுக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா, வருமானம் வரம்புக்குக் கீழ இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் பண்ணியே ஆகணும்.

நகை: அம்மா, அப்பா போட்டிருக்கிற பெரிய நகையை எடுத்துட்டுப் போனா, போகும்போதே கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிடுங்க. திரும்பி வரும்போது உறவுக்காரங்க பாசத்துல ஒரு சங்கிலி போட்டுவிட்டா, அதை டிக்ளேர் பண்ணி டியூட்டி கட்டணும். டியூட்டி இல்லாம நகை கொண்டுவர்ற சலுகை, ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தவங்களுக்குத்தான்.

பாடம் 6: போறதுக்கு முன்னாடி வீட்ல பேச வேண்டியது

அத்தை ஏன் பெட்டியைத் திறக்க மாட்டேன்னாங்கன்னு இப்ப சொல்றேன்.

பெட்டியில இருந்த பத்திரம் 1940-ல எழுதினது. இன்னைக்கு அந்தக் குடும்பம் உழுது சாப்பிடற ரெண்டரை ஏக்கர், தாத்தா பேர்ல வாங்கினது. கூடவே இருந்த கடுதாசியில பெரிய தாத்தா எழுதியிருந்தார், இன்ன மாசம் இவ்வளவு அனுப்பினேன், நிலத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சான்னு. மணியார்டர் கூப்பன் தேதியும் பத்திரத் தேதியும் ஒத்துப் போகுது.

நிலம் வாங்கினது மலாயாக் காசுல. பால் வெட்டின காசு.

அத்தைக்கு இது சின்ன வயசுல இருந்தே தெரியும். "தேடிப் போய் அவங்க வந்து பங்கு கேட்டா, தம்பி எங்க போவான்?" இதுதான் அவங்க பயம். எண்பது வருஷமா அந்தக் குடும்பத்துல யாரும் மலாயாவுக்கு ஒரு கடுதாசி போடாததுக்கு ஒரு காரணம் போர். இன்னொரு காரணம் இந்தப் பெட்டிக்குள்ள இருந்தது.

நண்பர்களே, பூர்வீகத்தைத் தேடும்போது உறவு மட்டும் கிடைக்காது, கணக்கும் கிடைக்கும். அதனால ஒரு ஆடிட்டரா நான் சொல்றது:

ஒண்ணு. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூணையும் எடுத்துட்டு ஒரு வக்கீலைப் பாருங்க. யார் பேர்ல வாங்கினது, யார் காசு, யார் அனுபவிச்சது, பாகப்பிரிவினை நடந்ததா, இதெல்லாம் சேர்த்துத்தான் உரிமை இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும். யூடியூப் பார்த்து (என் சேனலையும் சேர்த்துத்தான்) முடிவு பண்ணாதீங்க.

ரெண்டு. அங்க போய் உணர்ச்சிவசப்பட்டு "ஒரு ஏக்கர் எழுதித் தர்றேன்"னு வாக்கு கொடுத்துடாதீங்க. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவங்க இங்க விவசாய நிலம் வாங்கவும், தானமா வாங்கிக்கவும் ஃபெமா சட்டம் இடம் கொடுக்கிறதில்ல. வாரிசுரிமையில வர்றது வேற விஷயம். கொடுக்க முடியாததை வாக்கு கொடுத்தா உறவு ரெண்டாவது தடவை அறுந்து போகும்.

மூணு. அவங்க உங்களுக்குப் பணம் கொடுத்தாலும் கவனம். அப்பாவோட கூடப்பிறந்தவங்க கொடுத்தா வரி இல்ல. ஆனா அப்பாவோட பெரியப்பா மகன், வருமான வரிச் சட்டப்படி உங்களுக்கு "உறவினர்" கிடையாது. அந்த மாதிரி ஆட்கள்கிட்ட இருந்து வருஷத்துல மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல வந்தா முழுத் தொகைக்கும் வரி உண்டு.

நாலு. அவங்களும் பயப்படுவாங்க. திடீர்னு ஊர்ல இருந்து வந்து நிக்கறாங்களே, சொத்தா, கடனான்னு யோசிப்பாங்க. முதல் கடிதத்துலயே "எங்களுக்கு எதுவும் வேண்டாம், பார்க்க மட்டும் வர்றோம்"னு எழுதிடுங்க.

அந்தத் தம்பியோட அப்பாகிட்ட நானே நேர்ல பேசினேன். சட்டம் என்ன சொல்லும், வக்கீல்கிட்ட என்ன கேட்கணும்னு எல்லாம் சொல்லி முடிச்சேன். அவர் பொறுமையா கேட்டுட்டுச் சொன்னார்:

"பங்கு கேட்டா பேசிக்கலாம் சார். கேக்காட்டியும், இது உங்க அப்பன் காசுல வாங்குன நிலம்னு அவங்க மூஞ்சைப் பார்த்துச் சொல்லிட்டு வந்துடணும். அதுக்குத்தான் போறேன்."

ஆர்.டி. இப்போ ஏழாவது மாசம். தெலுக் இந்தான் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில இருந்து பதில் வந்திருக்கு: அந்தத் தோட்டத்துப் பழைய ஆட்கள் சிலர் பக்கத்துத் தாமான்ல, அதாவது குடியிருப்புல, இருக்காங்க, விசாரிச்சுச் சொல்றோம்னு. பெரிய தாத்தா குடும்பம் கிடைக்குமா, தெரியாது. ஆனா இப்போ அவங்க எந்த ஊர்ல போய் நிக்கணும்னு தெரியும், போய் என்ன சொல்லணும்னும் தெரியும்.

அத்தைக்கு ரெண்டு மாசம் முன்னாடி பக்கவாதம் வந்தது. இப்போ பேச்சு சரியா வரல. தம்பி போன்ல இருக்கிற அந்த மூணு மணி நேர ரெக்கார்டிங்தான் மிச்சம்.

இந்த வார வீட்டுப்பாடம்

1. குடும்பத்துல மூத்தவர் யாருன்னு பாருங்க. இந்த ஞாயிறு அரை மணி நேரம், ரெக்கார்டிங்கோட.
2. பழைய கடுதாசி, கூப்பன், பத்திரம், ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டர்ல போடுங்க. முத்திரை தெளிவா தெரியணும்.
3. மாசம் எவ்வளவு முடியுமோ, 2,000-ஆ இருந்தாலும், "பூர்வீகம்"னு பேர் வச்சு தனி ஆர்.டி. ஒண்ணு தொடங்குங்க.

வரி விகிதம், விசா விதி எல்லாம் மாறக்கூடியது. பணம் கட்டற நாள்ல ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.

உங்க வீட்லயும் மலாயா, இலங்கை, பர்மா, மொரீஷியஸ்னு யாராவது போய்த் திரும்பாம இருக்காங்களா? கமெண்ட்ல ஊர் பேரும், போன வருஷமும் மட்டும் எழுதுங்க. தனிப்பட்ட விவரம், ஆவணப் படம் போடாதீங்க. அடுத்த வீடியோவுல பழைய பத்திரத்தோட நகலை சார்பதிவாளர் அலுவலகத்துல எப்படி வாங்கறதுன்னு பார்ப்போம்.